சரி, வரேன்

1

இந்தக் கதையை ஒரு பெண்ணின் மேலிருந்த கோபத்தில்தான் எழுதத் தொடங்கினேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவள் அவள். அதை எழுதி, படிக்கிறவர்கள் எல்லாரும் "பாவம் இந்த ஆள்" என்று உச்சுக்கொட்ட வேண்டும் என்பதுதான் திட்டம். மற்றபடி உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது.

முதல் வரைவுக்கு 'வராதவள்' என்று தலைப்பு வைத்திருந்தேன். அது இப்படித் தொடங்கியது:

'என் நண்பன் ஒருவனுக்கு நடந்தது இது. அவன் மென்மையானவன், பிறர் மனம் நோகப் பேசத் தெரியாதவன், அப்படிப்பட்டவனை ஒருத்தி—'

இன்று காலை ஒன்பது மணிக்கு அதை அக்காவுக்கு அனுப்பினேன். உலகத்தில் என் எழுத்துக்கு இருக்கும் ஒரே வாசகி அவள்தான், அதுவும் கூடப்பிறந்த பாவத்துக்கு. பத்து நிமிடத்தில் அழைத்தாள்.

"யாருடா அந்த நண்பன்?"

"ஒரு ஃப்ரெண்டு."

"உனக்கு ஏதுடா ஃப்ரெண்டு?"

நண்பனை வெட்டிவிட்டேன். இனிமேல் 'நான்'.

2

நான் பிழை திருத்துகிறவன். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, எல்லாரும் எடுத்ததும் கசக்கிப் போடுவது, அதை மூன்று முறை படிப்பதற்கு எனக்குச் சம்பளம். மேஜையில் ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சிவப்புப் பேனா. 'உணவுக்கு முன்', 'உணவுக்குப் பின்' என்பதில் ஒரு சொல் மாறினாலும் ஆளுக்கு ஆபத்து. பதினோரு வருடத்தில் என் கையைத் தாண்டி ஒரு தப்பும் வெளியே போனதில்லை. (இந்தப் பெருமையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பகுதியில் இதை வைத்தே அடி வாங்கப் போகிறேன்.)

அவள் காது பரிசோதிக்கிறவள். என் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி அவள் வேலை செய்யும் இடம். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அக்காதான் என்னை அங்கே துரத்தினாள். சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள்.

"சத்தம் கேட்டா அமுக்குங்க. கேட்கலைன்னா சும்மா இருங்க."

எனக்குச் சும்மா இருக்க வராது. எதையாவது விட்டுவிடுவோமோ என்ற பயம். அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன். கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"சார், நான் இன்னும் மெஷினையே ஆன் பண்ணல."

பரிசோதனையின் முடிவையும் அவளே சொன்னாள். "காது நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் கேட்கிறதில்ல போல."

அன்று மாலை அவளுடைய எண்ணிலிருந்து செய்தி வந்தது: உங்கள் செவித்திரன் அறிக்கை தயார். இந்த இடத்தில் மனிதனாகப் பிறந்தவன் நன்றி என்று அனுப்புவான். நான் அனுப்பியது: 'செவித்திறன். வல்லின ற வரும்.'

அடுத்த நிமிடம் ஒரு புகைப்படம் வந்தது. அவர்கள் வாசல் பலகையிலும் அதே பிழை. ர-வை அடித்துவிட்டு, மேலே பேனாவால் பெரிதாக ஒரு ற போட்டிருந்தாள். கீழே, 'பன்னெண்டு வருஷமா யாருமே சொல்லல சார்.'

அந்த ற-வில் நான் விழுந்தேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

3

(இந்தப் பகுதியில் காதல் வளர வேண்டும். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். 'நிலவு அன்று—' என்று ஒரு தடவை தொடங்கி, வெட்கப்பட்டு நிறுத்தினேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.)

எட்டு மாதம். இரண்டு தெரு தூரத்தில் இருந்துகொண்டு நேரில் பார்த்தது ஐந்தே முறை. மற்றதெல்லாம் ஃபோனில் தட்டியதுதான். பகல் முழுக்கக் காது கேளாதவர்களிடம் "கேட்குதா? இப்ப கேட்குதா?" என்று கத்திவிட்டு வருகிறவளுக்கு மாலையில் வாயைத் திறக்கவே பிடிக்காது. எனக்கோ, அழிக்க முடியாத எதையும் சொல்லப் பிடிக்காது. பொருத்தம் என்றால் இப்படி அமைய வேண்டும். ஒருமுறை டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு, 'இன்னைக்கு நல்லா இருக்க' என்று அனுப்பினேன். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "வாயில சொன்னா என்னவாம்?" என்றாள். பதிலைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஃபோனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

என் வேலைப் பழக்கம் எங்கும் விடாது. அவளுக்கு அனுப்பும் ஒவ்வொரு வரியையும் மூன்று முறை படிப்பேன். அவள் பக்கம் 'டைப் செய்கிறார்' என்று பன்னிரண்டு நிமிடம் ஓடும். கடைசியில் 'சரி' என்று ஒன்று போய் விழும். 'இதுக்கா இவ்ளோ நேரம்?' என்று கேட்பாள்.

மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவளுடைய 'சாப்டீங்களா' என்பது 'சாப்டியா' ஆனது. அந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.*

* அதே செவ்வாய்க்கிழமை என்னிடம் வந்த இருமல் மருந்துத் தாளில் மட்டும் ஒரு பிழைகூட எனக்குத் தென்படவில்லை. பிழை இல்லாமல் இருந்திருக்காது.

4

சம்பவம் நடந்தது இரண்டு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே தருகிறேன்.

காலை, நான்: ஞாயிறு மதியம் என் ரூமுக்கு வரியா? நானே சமைக்கிறேன்.

(பதில் இல்லை. வேலையாக இருந்திருப்பாள்.)

மாலை, அவள்: எனக்கு மாற்றல் வந்திருக்கு. பஸ்ல ஆறு மணி நேரம். போறதா இருந்தா இந்த மாசக் கடைசிச் சனிக்கிழமையோட இங்க முடியும். முடியாதுன்னும் சொல்லலாம். திங்கட்கிழமை பதில் கேட்டிருக்காங்க. நீ என்ன நினைக்கிற?

நான் (பத்தொன்பது நிமிடம் கழித்து): நல்ல வாய்ப்பு.

அவள்: நீங்க சொல்றது அவ்ளோதானா?

நான்: யோசிச்சு விரிவா சொல்றேன்.

அவள்: சரி, வரேன்.

அதற்கு நான் ஒரு கட்டைவிரலை அனுப்பினேன். நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் கட்டைவிரல்.

ஞாயிற்றுக்கிழமைக்காக அறையைக் கழுவினேன். என்னிடம் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது, இன்னொன்று வாங்கினேன். சமைத்தேன். என்ன சமைத்தேன் என்பது முக்கியமில்லை, அடிபிடித்துவிட்டது. மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை புது நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் மேல் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

அவள் வரவில்லை. ஒரு வார்த்தையும் அனுப்பவில்லை. எனக்கும் ரோஷம் இருக்காதா? நானும் அனுப்பவில்லை. அதோடு பேச்சு நின்றது. அப்புறம்தான் 'வராதவள்' எழுதத் தொடங்கினேன்.

5

பத்தரை மணிக்கு அக்கா மறுபடி அழைத்தாள்.

"டேய், கதையில 'சரி, வரேன்'னு அவ அனுப்பினதா போட்டிருக்கியே. அது நிஜமா அவ அனுப்பினதா, நீயா எழுதினதா?"

"அவ அனுப்பினதுதான். ஒரு எழுத்து மாத்தல."

"வரேன்னா என்னடா அர்த்தம்?"

"வரேன்னா வரேன்தான்."

"உன் ரூமுல இருந்து கிளம்பறப்போ வாசல்ல நின்னு நான் என்ன சொல்லுவேன்?"

"வரேன்னு…"

"அப்போ நான் வரேனா, போறேனா?"

போகிறவர்கள் போகிறேன் என்று சொல்லாத மொழி நம்முடையது. போகிறேன் என்றால் யாராவது "வரேன்னு சொல்லு" என்று திருத்துவார்கள். நானே எத்தனை பேரைத் திருத்தியிருக்கிறேன்!

"நீன்னு பேசிட்டிருந்தவ திடீர்னு நீங்கன்னு மாறியிருக்கா. அதைக்கூடவா பாக்கல?"

"பாத்தேன்க்கா. ஒருமை பன்மை மயக்கம்னு நெனச்சேன்."

அக்கா சிரித்தாள். நான் நினைத்ததைவிட நீளமாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஒருத்தி உன்னை விட்டுட்டுப் போறேன்னு சொல்றா. நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்க. அவளுக்கு எப்படிடா இருந்திருக்கும்?"

பதினோரு வருடம். ஒரு தப்பும் வெளியே போனதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். அக்காவுக்குக்கூட இது தெரியாது. அந்தப் பத்தொன்பது நிமிடமும் நான் சும்மா இருக்கவில்லை. 'போகாதே' என்றுதான் முதலில் தட்டினேன். மேடைத் தமிழ் மாதிரி இருந்தது. 'போகாத' என்று மாற்றினேன். போகாத ஊர், போகாத கல்யாணம் என்பது போல் அரைகுறையாக நின்றது. 'போக வேண்டாம்' என்று போட்டால் மருந்துத் தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பிழையே இல்லாத இரண்டு சொற்களை அனுப்பினேன். அவள் போய்விடுவாளோ என்று எனக்கு அவ்வளவு பயம். அது எந்தத் திரையிலும் தெரியவில்லை.

6

ஆக, 'வராதவள்' செத்துப்போனாள். எழுத உட்கார்ந்தது ஒரு கதை, இப்போது கையில் இருப்பது வேறு கதை. முடிவும் மாற வேண்டும். ஒரு தகவல்: இன்றுதான் அந்தக் கடைசிச் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் அவள் இடத்தை மதியம் ஒரு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். திங்கட்கிழமை அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. இப்போது மணி பதினொன்று ஐம்பது.

முதல் முடிவு: நான் விளக்கம் எழுதி அனுப்புகிறேன். அரை மணி நேரமாகத் தட்டிப் பார்த்துவிட்டேன். 'வரேன் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதை நீ—' என்று போகிறது. ஏழாம் வகுப்புக் கட்டுரை. வெட்டிவிட்டேன்.

இரண்டாம் முடிவு: அவளாகவே ஒரு செய்தி அனுப்புகிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ரோஷம் ரோஷம் என்று சொல்லிக்கொண்டு பதிமூன்று நாளாக நான் இதற்குள்தான் குடியிருக்கிறேன்.

மூன்றாம் முடிவு: நான் நேரில் போகிறேன். என் அறையிலிருந்து ஒன்பது நிமிட நடை. அங்கே வாயைத் திறந்து பேச வேண்டும், சொன்னதை அழிக்க முடியாது. அதனால்தான் இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன் என்பது உங்களுக்கு ஏற்கனவே—

அக்கா அழைக்கிறாள்.

"கிளம்பிட்டியா?"

"இல்லக்கா. கதையோட முடிவு மட்டும்—"

"கதையைத் தூக்கிக் குப்பையில போடு. செருப்பை மாட்டு. அப்புறம் ஒண்ணு, வரேன்னு மட்டும் மெசேஜ் அனுப்பித் தொலைச்சுடாத."

7

பன்னிரண்டு முப்பத்தொன்று. அனுப்பித் தொலைத்துவிட்டேன்.

வேண்டுமென்றே செய்யவில்லை. ஒரு காலில் செருப்பும் ஒரு கையில் ஃபோனுமாக நின்றபோது கை தானாகவே தட்டியது. வரேன். ஒரே சொல். பிழை பார்க்காமல் நான் அவளுக்கு அனுப்பிய முதல் செய்தி இதுதான். அனுப்பிய பிறகுதான் படித்தேன். பதிமூன்று நாள் பேசாமல் இருந்தவன், அவளுடைய கடைசி நாளன்று அனுப்பும் 'வரேன்' என்ன சொல்கிறது என்று இப்போது எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இரண்டு டிக். நீலமாயின. 'டைப் செய்கிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நான்கு நிமிடம் ஓடியது. அவள் ஒருநாளும் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. இந்தப் பக்கம் நின்று பார்ப்பது இப்படித்தான் இருக்குமா? எட்டு மாதம் எப்படிப் பொறுத்தாள்?

பதில் வந்துவிட்டது.

ஒரு கட்டைவிரல்.

இதற்கு என்ன அர்த்தம்? வா என்றா? போ என்றா? அன்றைக்கு நீ செய்ததை இன்றைக்கு நீயே அனுபவி என்றா? உட்கார்ந்து யோசித்தால் மூன்றுக்கும் ஆதாரம் காட்ட என்னால் முடியும், ஒவ்வொன்றுக்கும் ஒரு அடிக்குறிப்பும் போடுவேன். மணி பன்னிரண்டு முப்பத்தேழு. அந்த வேலையை உங்களிடம் விடுகிறேன். உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதை வைத்துக் கதையை முடித்துக்கொள்ளுங்கள். நான் அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். இந்தக் கடைசிப் பகுதியை ஒரு தடவைகூடத் திருப்பிப் படிக்கவில்லை. பிழை இருந்தால் பேனாவால் அடித்து மேலே எழுதிவிடுங்கள், அது போதும்.

ஃபோனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். இன்னொரு செருப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆ, இதோ.

சரி, வரேன்.