அடுக்களை வழியாக வந்த கால்

வியட்நாம் புத்தாண்டுக் காலையில், லாவோஸ் தலைநகர் வியன்தியானில் இருக்கும் தன் வாடகை வீட்டின் வாசற்கதவை உள்ளேயிருந்து பூட்டிவிட்டு அதன் முன்னால் காவல் நின்றாள் துயெட். வருடம் பிறந்ததும் வீட்டுக்குள் முதலில் படுகிற காலைப் பொறுத்துத்தான் அந்த வருடம் முழுக்க நல்லதும் கெட்டதும். ஊரில் என்றால் மாமனோ சித்தப்பனோ வருவார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்? லாவோசுக்குக் குடிவந்த நாளிலிருந்து புருஷன் லாம்தான் வருடாவருடம் வெளியே போய், நல்ல நேரத்துக்குக் காத்திருந்து, தன் வீட்டுக்குத் தானே விருந்தாளியாக நுழைவான்.

இந்தத் தடவை அப்படி விடுவதாக இல்லை. தங்கள் ஊர்க்காரரான மரக்கடை முதலாளி வுவோங்கைக் கெஞ்சிக் கூத்தாடி ஒப்புக்கொள்ள வைத்திருந்தாள். பேரிலேயே செழிப்பு, பிறந்த வருடமும் பொருத்தம்.

"இந்த வருஷமாவது நம்ம ஆளுங்க கால் படணும். இல்லேன்னா நம்ம கடையை மூடிட்டு ஊருக்கே போயிடலாம்" என்று லாமிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சும்மா மிரட்டவில்லை. சொந்தபந்தம் இல்லாத இடத்தில் பிள்ளை வளர்த்து அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

அடுக்களையில் ஏதோ உருண்டது. அந்தக் கதவுக்குத் தாழ் போடும் வழக்கமே அவர்களுக்குக் கிடையாது. ஓடிப் போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டு புவாகம் ஒட்டரிசிச் சோற்றுக் கூடையை மேடையில் வைத்துக்கொண்டிருந்தாள். லாவோஸ்காரி. போதாக்குறைக்கு, முதல் காலுக்கு ஆகவே ஆகாத புலி வருடத்தில் பிறந்தவள்.

"ஐயோ அக்கா! குடியைக் கெடுத்தியே!"

"என்னடி பண்ணிட்டேன்? சோறுதானே கொண்டாந்தேன்!"

துயெட் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகள் தாவ் கூடைக்குள் கைவிட்டபடியே சொன்னாள்:

"எதுக்கும்மா ஒப்பாரி? எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து பெரியம்மாதான் முதல்ல வர்றாங்க. நீயும் அப்பாவும் முன்வாசல்ல நாடகம் போட்டுட்டு இருப்பீங்க. அதுக்குள்ள நான் சாப்பிட்டே முடிச்சிருப்பேன்."

துயெட் புவாகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அப்படியென்றால் தங்கள் தள்ளுவண்டி வியாபாரம் கடையாக வளர்ந்ததும், தாவ் கொள்ளைக் காய்ச்சலிலிருந்து பிழைத்ததும் இவள் கால் பட்ட வருடங்களில்தானா? அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

முன்கதவை யாரோ தட்டினார்கள். வுவோங்தான். லாம் சாவியைத் தேடிக்கொண்டு ஓடினான்.

புவாகத்துக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. "பெரிய மனுஷன் வந்திருக்கார் போல. அடுத்த வருஷம் வேணா நானும் முன்வாசல் வழியா வரட்டுமா?"

"அது விருந்தாளிங்களுக்கு" என்றாள் துயெட். "நீ எப்பவும் போல வாக்கா."