ஆறடிச் சுவர்

அரிமளத்துச் சரவணக்குமாரின் மனைவி இலக்கியா பிள்ளைப்பேற்றுக்குக் குளத்தூர் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். போனில் ஒரே பேச்சு.

"ஒங்க வீடு அடுப்பு மாதிரி வேகுது. புள்ளைக்கு வேர்க்குரு வந்தா யாரு பாக்குறது? வீடு குளுந்தாத்தான் வாரேன்."

கொத்தனார் பெலிக்ஸ் யோசனை சொன்னார். "செம்பூராங்கல்லுல ஒன்றரை அடி சுவரு வைங்க. கல்லு வெயிலக் குடிச்சுக்கிரும். உச்சி வெயிலு உள்ள வந்து சேர எட்டு மணி நேரமாகும், ராவாயிரும். அப்பச் சன்னலத் தொறந்து விட்டா காத்துல ஆறிரும்."

சரவணக்குமார் படித்தவன், கணக்குப் போட்டான். ஒன்றரை அடிக்கு எட்டு மணி நேரமென்றால் ஆறடியில் வெயிலுக்கு வழியே மறந்துபோகும்!

"ஆறடி வைங்க. சன்னல் வேணாம்."

"குடிச்சதக் கக்க ஒரு வழி வேணாமாங்க?"

"வயித்துக்குள்ளயே வச்சுக்கிரட்டும்."

வெளியே ஒரு விரற்கடை நீட்டினாலும் பங்காளிகள் கம்பெடுப்பார்கள். ஆகவே சுவர் உள்நோக்கி வளர்ந்தது. இருபதடி வீட்டில் எட்டடி மிஞ்சியது. கட்டில், தொட்டில், பீரோ போட்டதும் அப்பா ஆண்டியப்பன் உபரியானார். அவரைக் கொல்லையில் தகரக் கொட்டகைக்கு அனுப்பினான்.

அந்தச் சித்திரையில், ஆண்டியப்பன் துப்பிய வெற்றிலைச் சாறு தரையைத் தொடுமுன் காய்ந்து போயிற்று. மகன் உள்ளே கம்பளியோடு தூங்கினான்.

"வந்துரு இலக்கியா, பல்லு கிட்டுது."

மாசியில் பிறந்த பிள்ளைக்கு அஞ்சு மாதம் முடியாமல் அனுப்ப மாட்டார்கள். அது முடிந்ததும் ஆடி. அப்புறம் மழை, சளி. மார்கழி ஆகவே ஆகாது. தை பிறந்து, ஊரே பனியில் நடுங்கிய ஒரு காலையில் வந்து இறங்கினாள்.

சித்திரை வெயிலும் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. ஒன்பது மாதம் கல்லுக்குள் நடந்து வந்த களைப்பே அதற்கு இல்லை. பிள்ளையின் முதுகெல்லாம் வேர்க்குரு. பால்புட்டியில் ஆடை கட்டியது.

பெலிக்ஸ் ஓடிவந்து சுவரில் கைவைத்து, உதறினார். "இது சித்திரை ரெண்டாம் தேதி வெயிலுங்க. அக்கினி நட்சத்திரம் பின்னால வருது."

"ஆறினப்பறம் போன் பண்ணுங்க" என்று வந்த காரிலேயே ஏறிவிட்டாள் இலக்கியா.

சரவணக்குமார் கதவை அகலத் திறந்துவைத்தான். ஆண்டியப்பன் வாசலில் வந்து நின்றார். தாடை தந்தியடித்தது.

"ஏப்பா, உள்ள செத்த முதுகச் சாச்சுக்கிறட்டா? தகரத்துல பனி ஊத்துது."

"ஒரு ஆளு கூடுனா ஒரு ஆளுச் சூடு கூடும்ப்பா. இலக்கியா வரணுமா வேணாமா? வாசல்ல நிக்காதீங்க, காத்த மறிக்கிறீங்க."

மூன்றாம் நாள் கொட்டகையில் விறைத்துக் கிடந்தார். சரவணக்குமார் குளத்தூருக்குப் போன் போட்டுச் சேதி சொன்னான்.

"அடப்பாவமே, மாமாவா?" என்றவள், "அது சரி, சுவரு ஆறிருச்சா?" என்றாள்.

தொட்டுப் பார்த்துவிட்டு விரலை வாயருகே வைத்து ஊதினான்.

"இன்னும் இல்ல."

"அப்ப எழவ அங்கிட்டே முடிச்சிருங்க."