தெற்கு வாசல்

அந்த ஆலயத்தைப் புயல் இரண்டு முறை இடித்தது. முதல் முறை ஓலைக்கூரை போனது. மிஷனரி ஓடு போட்டுக் கொடுத்தார். இரண்டாம் முறை, ஐம்பத்திரண்டு ஐப்பசியில், ஓடும் உத்திரமும் மேற்கே இருந்த முன்சுவரும் தெற்குச் சுவரும் போயின.

கட்டிய நாளிலிருந்தே அதற்கு இரண்டு வாசல். மேற்கு வாசல் நிலமுள்ள குடும்பங்களுக்கு. தெற்கு வாசல், தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட தெற்குவிளைக்காரர்களுக்கு. இரு தரப்பும் உள்ளே ஒரே கர்த்தரைப் பாடினார்கள்.

புயலுக்குப் பிறகு வாசலே இல்லை. ஓலைப்பந்தலில் ஆராதனை நடந்தது. வந்தவர்கள் கண்ட இடத்தில் உட்கார்ந்தார்கள். தெற்குவிளை நேசபாயும், சபைக் காரியங்களை நடத்திய மேற்கு வாசல்காரர் டீக்கனார் தங்கையனின் மனைவி எலிசாவும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினார்கள். ஆலயத்தைத் திரும்பக் கட்ட மலையடியிலிருந்து கல் சுமந்தபோதும் வரிசை ஒன்றுதான்.

சுவர் இடுப்பளவு வந்தபோது தெற்கில் ஒரு இடைவெளி விட்டிருப்பதை நேசபாய் பார்த்தாள். தலையிலிருந்த கல்லைக் கீழே போட்டாள்.

“இது என்னத்துக்கு டீக்கனாரே?”

“வாசல்.”

“ஆருக்கு?”

தங்கையன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பழைய முறைதானே பிள்ளே. நாங்க புதுசா ஒண்ணும் செய்யல்ல.”

“காத்து இடிச்சுப் போட்டத நீரு தேடிப் பிடிச்சுக் கெட்டுதீரு.”

அவள் போதகரிடம் போனாள். பொறுமையாக இருக்கச் சொன்னார். சபை பிளந்துவிடக் கூடாது என்றார்.

“ஓட்டுப் போடப் போனப்ப ஒரு வாசல்தானே ஐயா இருந்திச்சு. கர்த்தருக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?”

போதகர் ஜெபிப்போம் என்று கண்களை மூடினார்.

பங்குனியில் கூரை முடிந்தது. தெற்கு வாசலுக்கு நிலை மட்டும் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை. சனிக்கிழமை கொத்தர்கள் சந்தைக்குப் போனார்கள். அவர்களுக்குக் கையாளாக இருந்த ராஜையன், நேசபாயின் கணவன், அவள் சொன்னதைச் செய்யத் தயங்கினான்.

“வேல போயிரும் ஏட்டி.”

“போட்டும். கல்லு சுமக்க நாம முன்னால. உள்ள கேற மட்டும் பொறத்தாலயா?”

தெற்குவிளையே திரண்டு வந்தது. மிச்சமிருந்த கல்லை எடுத்துத் தங்கள் வாசலைத் தாங்களே ஆள் உயரத்துக்கு அடைத்துக் கட்டினார்கள்.

மறுநாள் மணி அடித்ததும் எல்லாரும் மேற்கு வாசலுக்கு வந்தார்கள். தங்கையன் குறுக்கே கை நீட்டி நின்றார்.

“ஒங்க வாசல் அங்க.”

“அங்க சுவருல்லா இருக்கு,” என்றாள் நேசபாய்.

“ஆரு கெட்டினா?”

“நாங்கதான். மத்தச் சுவரெல்லாம் பின்ன ஆரு கெட்டினா?”

யாரோ சிரித்தார்கள். தங்கையனின் முகம் கறுத்தது.

“அத இடிச்சுட்டு வா. பெறவு ஆராதனை.”

“ஓய்வு நாளுல வேல செய்யப்பிடாதுல்லா டீக்கனாரே? ஞாயித்துக்கெழம முருங்கக்கீரை பறிச்சதுக்கு எம்மவள சபை முன்னால நிறுத்தினது நீருதான?”

தங்கையன் போதகரைப் பார்த்தார். போதகர் வேதப்புத்தகத்தைப் பார்த்தார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எலிசாவின் குரல் வந்தது.

“நீரு வழிய மறிச்சா நான் எப்பிடி கேறுவேன்? கைய எடும்.”

கை மெல்ல இறங்கியது.

நேசபாய் உள்ளே போய் முன்னால் விரித்திருந்த பாயில் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றித் தெற்குவிளை உட்கார்ந்தது. போதகர் ஜெபித்தார். இந்தச் சுவர்களை எழுப்பிய டீக்கனாருக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் செலுத்தினார்.

சபை ஆமென் சொன்னது. நேசபாய் வாய் திறக்கவில்லை.