புத்தகத்தில் விழுந்த மாவு

நான் உட்கார்ந்திருந்த வாளி நீலமா பச்சையா என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்றுவரை சண்டை. அவள் பச்சை என்கிறாள். அதனால் மற்றதையாவது சரியாக ஞாபகம் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அந்த மாவு மட்டும் நிச்சயம்.

அக்கா நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தாள். அங்கேயே நான் எலக்ட்ரீஷியன். பயிரைச் சூட்டில் வாட்டிப் பார்ப்பதற்கென்று அங்கே ஒரு கண்ணாடி அறை உண்டு. விடியும்போது நான் போய் ஹீட்டரைப் போடுவேன். மெல்ல ஏறி, நெல் பூக்கிற பத்து மணிக்கு உள்ளே அனல் அடிக்கும். நெற்பூ திறந்திருப்பது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்துச் சூட்டில் மகரந்தம் செத்துவிட்டால் கதிர் முழுக்கப் பதர்.

அந்தப் பருவத்தில் அங்கே தொட்டிகளில் வளர்த்த எல்லா வரிசையும் பதராகப் போனது. கடைசி வரிசை மட்டும் மணி பிடித்துத் தலை சாய்ந்தது. அக்கா துள்ளிக்கொண்டு போய் நிலையத் தலைவரிடம் சொன்னாள். கோபம் வந்தால் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறும் என்பதால் அவருக்குத் தெர்மாமீட்டர் என்று பெயர்.

"பூவே காணோம், மணி எங்கிருந்தும்மா வந்துச்சு?" என்றார். "தினமும் பத்து மணிக்கு நானும்தானே பார்க்கிறேன்? தொட்டியை வெளியே நிழல்ல வச்சுப் பூக்க விட்டு, திருப்பி உள்ளே வச்சிருக்கீங்க. சாவி உங்க தம்பி கையில. வேற என்ன சொல்லணும்?"

அந்த வரிசை பூத்து அவளும் பார்த்ததில்லை. அதே விதையை இன்னொரு முறை விதைக்க அவகாசம் கொடுத்தார். அதிலும் பூ கண்ணில் படாவிட்டால் செடிகளைப் பிடுங்கிவிட்டு, அவள் ஏமாற்றினாள் என்று மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார்.

மறுபடி கதிர் வந்தது. பத்து மணிக்கு அக்காவும் அவரும் போய் நின்றார்கள். திறந்த பூ ஒன்றுகூட இல்லை. உமிக்கு வெளியே வாடித் தொங்கிய மகரந்தப் பைகளை நேற்றையவை என்று அக்கா நினைத்தாள். நேற்றும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"நாளைக்குப் பிடுங்கிடலாம்" என்றார் தெர்மாமீட்டர்.

எங்கள் வீட்டில் மௌனம் என் துறை. அன்று மாலை அதில் அவளும் வந்து சேர்ந்துகொண்டது எனக்குத் தாங்கவில்லை. எதையாவது பேசலாமென்று படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை நீட்டினேன்.

"பாரு, உன் செடி பண்ற வேலைய. பக்கமெல்லாம் மாவு. தட்டினாலும் போகல."

"என்ன மாவு?"

"மஞ்சளா. வெளிச்சம் நல்லா வருதுன்னு கடைசி வரிசைகிட்ட வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் படிப்பேன்ல, அப்போ கொட்டுது."

புத்தகத்தைப் பிடுங்கி மூக்கருகே கொண்டுபோனாள். "எப்போடா?"

"விடிஞ்சதும். ஹீட்டர் சூடேறுறதுக்குள்ள."

"டேய்!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "தினமும் அதுகிட்டயே உட்கார்ந்திருக்க. ஒரு தடவையாவது தலையத் தூக்கிப் பார்க்க மாட்டியா?"

"கதையில கப்பல் மூழ்கிட்டு இருந்துதுக்கா."

"நீயும் சேர்ந்து மூழ்கித் தொலை!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். வலித்தது.

மறுநாள் விடியுமுன் தெர்மாமீட்டரை அவர் வீட்டிலிருந்தே கிளப்பிக்கொண்டு வந்தாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். என் வாளியை அவருக்குக் கொடுத்தேன். வழக்கம்போல ஹீட்டரைப் போட்டேன். கண்ணாடி வெளுத்தது. ஒரு உமி பிளந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை, வரிசை முழுக்கத் திறந்துகொண்டது. அக்கா ஒரு கதிரை லேசாகத் தட்டினாள். அவர் சட்டைக் கையில் மஞ்சள் தூள்.

"பாருங்க சார்! இது சூட்டோட மல்லுக்கட்டவே இல்ல. சூடு வர்றதுக்குள்ள பூத்து முடிச்சிடுது!"

அவர் எழுந்த வேகத்தில் வாளி உருண்டது. சிவப்பு காதுவரை ஏறியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாம ஆபீசுக்கு வர்றதுக்குள்ள டியூட்டி முடிச்சுக் கிளம்பிடுதேம்மா! நான் உங்களைப் போய்..."

"அதெல்லாம் அப்புறம் சார். முதல்ல மணி என்னன்னு பாருங்க!"

மேலிடத்துக்கு அவர் எழுதினார், வேறு மாதிரி. இப்போது ஓய்வு பெற்று மகளோடு இருக்கிறார். அந்த வரிசையை மற்ற ரகங்களோடு கலந்து உண்டாக்கிய பயிர் சில வயல்களில் வெயிலில் நிற்கிறது. அக்கா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறாள். நான் இன்னும் ஹீட்டர் போடுகிறேன். கப்பல் என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. புத்தகத்தை அவள் திருப்பித் தரவில்லை.