குட்டை மீசைக் கெளுத்தி

என் அக்கா புருஷனுக்கு மீன் தட்டில் வந்தால்தான் அடையாளம் தெரியும். அப்படிப்பட்டவர் மீன் ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைவர். நான் அங்கே படம் வரைகிறவள். வீட்டில் அத்தான், கூடத்தில் சார்.

காட்டோடையிலிருந்து ஆறு கெளுத்திகள் பிடித்து வந்திருந்தார்கள். விரல் நீளம், சேற்று நிறம், பகலெல்லாம் மூலையில் பதுங்கிக் கிடக்கும். ஓடைக் கெளுத்திக்கு மீசை செவுளைத் தாண்டும். இவற்றுக்குக் கண்வரைகூட எட்டவில்லை. சாருக்குத் தலைகால் புரியவில்லை.

"புது இனம்மா! உலகத்துல எவனும் பார்க்காதது!"

மறுநாளே கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார். இனத்துக்குச் சூட்டப்போகும் பெயர் வேறென்ன, அவருடையதுதான்.

அந்த மீன்கள் சார் கண்ணில் படுவதற்கு முன்பே மூன்று வாரமாக சிமென்ட் தொட்டியில், உடைத்த ஜல்லிமேல் கிடந்தவை. தரையைத் துழாவித்தான் அவை இரை தேடும். ஜல்லியில் உரசி உரசி மீசை தேய்ந்துவிட்டது. தொட்டி கழுவுகிறவருக்கே தெரிந்த சங்கதி இது. இந்த மேதாவிக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"நீ படத்தை மட்டும் வரை," என்றார். "உன் வேலைய நிரந்தரம் பண்ற ஃபைல் என் மேஜைலதான் கிடக்கு. ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. நான்கு வருஷமாக அதற்காகத்தான் அவருடைய அசட்டு ஜோக்குகளுக்கெல்லாம் சிரித்துவந்தேன்.

உயிரோடு பார்த்து வரைய வேண்டும் என்று சொல்லி, ஆறையும் என் அறைக் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினேன். அடியில் பொடி மணல் பரப்பினேன். இரண்டு மாதத்தில் மீசைகள் வளர்ந்து செவுளைத் தாண்டின. கண்டுபிடித்த மகான் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. புது இனம்தானா என்று பார்த்துச் சொல்ல வெளியூர் நிபுணர்கள் வரும் நாளுக்காக நான் உள்ளூரக் குஷியோடு காத்திருந்தேன்.

அன்று காலைதான் வந்து பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. இப்போதாவது மனுஷனுக்கு வெட்கம் வரும் என்று நினைத்தேன். அவர் என் மேஜையிலிருந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார்.

"கார் வாசலுக்கு வந்துடுச்சு. சீக்கிரம் ஒண்ணொண்ணாப் பிடி."

த்தூ, என்ன ஜென்மம் இது என்று மனசுக்குள் காறித் துப்பினேன். துப்பிக்கொண்டே வலையை எடுத்தேன். ஆறையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, துள்ளாதபடி ஈரத்துணியில் அழுத்திக் கொடுத்தேன். கடைசி மீனுக்கு அவசரத்தில் ஒரு மீசையை விட்டுவிட்டார்.

"இந்தப் பக்கம் ஒண்ணு நீளமா இருக்கு பாருங்க," என்றேன்.