ராகி வயலில் இறங்கிய விமானம்

என் வீட்டுக்காரர் விஜயகுமாருக்கு ஐம்பது வயதுக்கு மேல் பொம்மை விமானப் பைத்தியம் பிடித்தது. மற்ற ஆம்பளைகளுக்கு அந்த வயதில் சர்க்கரை வரும், இல்லாவிட்டால் பக்தி வரும். இவருக்குப் பார்சல் வந்தது.

சரியாகச் சொன்னால், பழைய பைத்தியம்தான் திரும்பி வந்தது. என் மாமனார் பெருமாள், ஓசூரில் கம்பெனிகள் முளைத்த காலத்தில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். ஒரு தீபாவளிக்கு பெங்களூர் போய் மகனுக்கு ஒரு விமானக் கிட் வாங்கி வந்தார். பெட்டிக்குள் தக்கை போல எடையே இல்லாத பால்சா மரக் குச்சிகள், மெல்லிசுக் காகிதம், மூக்கில் மாட்ட ஒரு விசிறி, அதைச் சுழற்ற நீளமாக ஒரு ரப்பர். குச்சிகளை ஒட்டி, காகிதம் போர்த்தி, ரப்பரை முறுக்கி விட்டால் பறக்கும். இவர் பெரிய லீவு முழுக்க உட்கார்ந்து அதைச் செய்தார். முதல் தடவை விட்டபோதே அது ஜோராக எழும்பி, கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பெங்களூர் பஸ்ஸின் கூரைமேல் போய் உட்கார்ந்து, டிக்கெட் வாங்காமலே கர்நாடகா போய்விட்டது. அழுதுகொண்டே பஸ் பின்னால் ஓடிய பையனை யாரோ சைக்கிளில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார்களாம். கல்யாணமான புதிதில் இவர் இந்தக் கதையைச் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

எங்கள் பெண் ஜெயப்ரியா வேலை கிடைத்து பெங்களூரில் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, வீட்டில் பேச ஆளில்லாமல் இவர் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். அதில் எங்கேயோ அதே மாதிரி கிட் கண்ணில் பட்டுவிட்டது. பார்சல் வந்த அன்று பெட்டியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார். மர வாசனை. மூக்கை வெளியே எடுத்ததும், "சுஜா, அன்னிக்குப் பெட்டிய அணைச்சுக்கிட்டு வந்த எங்கப்பா சட்டை ஞாபகம் வருது" என்றார். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் சாப்பாட்டு மேசையைக் கொடுத்தேன். கொடுத்த மேசை திரும்பி வரவேயில்லை.

இவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நல்லதும் கெட்டதுமாகப் பிரித்து ஸ்டிக்கர் ஒட்டுவதே தொழில். அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்தார். இறக்கைக்குள் வைக்கிற ஒவ்வொரு குச்சியையும் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, பிடிக்காததற்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். காகிதம் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடிக்க என் ஹேர் டிரையர் போனது. ஒருநாள் தோசையைப் புரட்டிப் பார்த்து, "இந்த ஓரத்துல திக்னெஸ் ஜாஸ்தி" என்றார். "பிடிக்கலைன்னா அதுக்கும் ஸ்டிக்கர் ஒட்டுங்க, உங்க வாய்க்கும் ஒண்ணு ஒட்டிக்குங்க" என்றேன்.

எனக்கு என் கவலை. கல்யாணமானதிலிருந்து வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மாடியில் வடகம் காயப்போடக் கூடாது, விருந்தாளி வந்தால் மோட்டார் ஏன் அதிகமாக ஓடுகிறது என்று கீழேயிருந்து கேள்வி. ஒரு ஆணி, என் இஷ்டத்துக்கு, என் சுவரில் அடித்துவிட்டுத்தான் சாவேன் என்று இருந்தேன். அலைந்து அலைந்து கடைசியில் கெலமங்கலம் ரோட்டில், தைலமரத் தோப்புக்குப் பின்னால், திம்மப்பன் என்கிற விவசாயியின் நிலத்தில் கிணற்றையொட்டி ஒரு மூலையைப் பேசி முடித்தேன். அலைந்ததெல்லாம் நான்தான். இவர் ஷிஃப்ட், ஷிஃப்ட் என்று ஒருநாளும் வந்ததில்லை, திம்மப்பன் இவர் முகத்தையே பார்த்ததில்லை. வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. ஆடி முடிந்ததும் பத்திரம் என்று பேச்சு.

ஆடி முடிவதற்குள் திம்மப்பன் போன் செய்தார்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்கோ. நெலம் குடுக்கறதா இல்லீங்கோ."

"என்னண்ணா சொல்றீங்க? வெத்தல பாக்கு மாத்தியாச்சே!"

"அதெல்லாம் நேர்ல வாங்கோ, சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

விலையை ஏற்றத்தான் ஆட்டம் காட்டுகிறார் என்று நினைத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். திம்மப்பனின் மனைவி சாந்தம்மா மோர் கொடுத்தார். திம்மப்பன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஏர்போர்ட் வருதும்மா."

எங்கள் பக்கத்தில் ஏர்போர்ட் வருவது ஒன்றும் புதிதில்லை. டீக்கடையில் தினமும் வரும். ஒருநாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம். அதை நம்பி நிலம் வாங்கியவனும் உண்டு, விற்காமல் உட்கார்ந்தவனும் உண்டு. "யாருண்ணா சொன்னாங்க?" என்றேன்.

"சொல்றதென்ன, கண்ணால பாத்தேன். ஞாயித்துக்கிழம ஆபிசர் வந்து நம்ம நெலத்த அளந்துட்டுப் போனாரு. ஆரஞ்சு ஜாக்கெட்டு, கழுத்துல அட்டை. மூணு கால் ஸ்டேண்டு நட்டு அதுல கேமரா. மண்ணுல செகப்புக் கொடி, பச்சக் கொடி. அப்பறம் ஒரு சின்ன ஏரோப்ளேன வுட்டாரு பாருங்கோ, அது இங்க எழும்பி அங்க எறங்குச்சு. எறங்கின எடம் வரைக்கும் டேப் புடிச்சு அளந்தாரு. என்னா சார்னு கேட்டேன். 'ட்ரையல்தான், இன்னும் அப்ரூவல் ஆகல'ன்னாரு."

எனக்குள் எதுவோ இடறியது. "ஆபிசர் எப்படிண்ணா இருந்தாரு?"

"கண்ணாடி. கொஞ்சம் தொப்ப. மூட்டு வலி போலிருக்கு, மெதுவாத்தான் நடந்தாரு. ஆபிசருங்க அப்படித்தான் நடப்பாங்கோ."

மோர் புரையேறியது. சாந்தம்மா என் தலையில் தட்டினார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினேன். என்ன பேசினேன் என்பதை எழுத முடியாது. இவர் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஊருக்குள்ள எங்க பாத்தாலும் ஒயரு, லேஅவுட்டு. எங்கதான் விடறது? நம்ம நிலம்தானே ஆகப்போவுது, யாரு கேப்பாங்கன்னு போனேன்" என்றார்.

"சேஃப்டி ஜாக்கெட் எதுக்கு?"

"சேஃப்டிக்குத்தான்."

"அந்த மனுஷன் கேட்டப்போ பொம்மைன்னு சொல்ல வேண்டியதுதானே!"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "இந்த வயசுல எப்படி சுஜா சொல்றது?"

அடப்பாவி மனுஷா, வெட்கப்பட்ட நேரத்தைப் பார் என்று தலையில் அடித்துக்கொண்டேன். என் வீடு, என் சுவர், என் ஆணி எல்லாம் ஒரு ரப்பர் முறுக்கில் பறந்துபோயிருந்தது. மறுநாள் காலையிலேயே விமானத்தையும் இவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்லிப் புரியவைத்துவிடலாம் என்று நம்பினேன்.

இவரைப் பார்த்ததும் திம்மப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சாந்தம்மா இளநீர் கொண்டுவந்து இவருக்குக் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

"அண்ணா, இவர் ஆபிசர் இல்ல. என் வீட்டுக்காரர். இது பொம்மை" என்றேன்.

திம்மப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்துச் சிரித்தார். "புரியுதுங்கோ சார். வெளிய சொல்லக் கூடாது. உங்க டூட்டி அப்படி." என் பக்கம் திரும்பி, "நெலத்துக்காவ ஆபிசரையே புடிச்சு இட்டாந்துட்டீங்களே, கெட்டிக்காரம்மா" என்றார்.

"சார், நெஜமாவே பொம்மைதான்" என்று இவர் ஆரம்பித்தார். அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்தோம். ஆனால் விமானத்தைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்தால் இவரால் நிறுத்த முடியாது. பேசிக்கொண்டே ரப்பரை முறுக்கினார். சென்டர் ஆஃப் கிராவிட்டி என்றார், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று விரலை நனைத்துக் காட்டினார், மேற்கிலிருந்து இறக்கினால்தான் லேண்டிங் சரியாக வரும் என்றார். திம்மப்பன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, "சாந்தா, கேட்டுக்கோ, மேற்கால இருந்து எறங்குதாம்" என்றார். சாந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இந்தச் சனியன் இருந்தால்தானே பேச்சு, உடைத்துவிடுகிறேன் என்று இவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி, பலம் கொண்டமட்டும் வீசினேன்.

உடையவில்லை. பறந்தது.

ரப்பர் முழுக்க முறுக்கியிருந்ததை நான் யோசிக்கவில்லை. விர்ரென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு, மூக்கைத் தூக்கி, என் தலைக்கு மேலே, தைலமரத்துக்கும் மேலே போனது. காலை வெயில் காகித இறக்கைக்குள் புகுந்து, உள்ளே இருந்ததெல்லாம் குச்சி குச்சியாகத் தெரிந்தது. அது கிணற்றுப் பக்கம் திரும்பியபோது, ஐயோ விழுந்துவிடுமே என்று என் கால் தானாகக் கிளம்பிவிட்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். "ஏறு! ஏறு! கெணத்துல விழாதே!" என்று கத்தியது என் வாய்தான். ஒரு செருப்பு வரப்பில் போனது, இன்னொன்று எங்கே போனதோ. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் ஓடியதே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் நிலமும் நினைவில்லை, பத்திரமும் நினைவில்லை.

அது கிணற்றைத் தாண்டி, கணுக்கால் உயரம் வளர்ந்திருந்த ராகிப் பயிரில் அடிபடாமல் இறங்கியது. நான் எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பினேன். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "எப்படிப் பறந்துச்சு பாத்தியா?" என்றார். "பாத்தேங்க. இன்னொரு வாட்டி விடலாமா?" என்றேன்.

திம்மப்பன் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இவங்க கவர்மெண்டு இல்ல சாந்தா. கவர்மெண்டு ஓடாது!"

அப்பாடா என்று இருந்தது. ஆனால் அவர் சிரித்து முடித்ததும் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ ஏர்போர்ட் வரலீங்களா" என்றார்.

"இல்லண்ணா" என்றேன்.

"வெலைய ஏத்தறேன்னு நெனச்சிருப்பீங்கோ. அதில்லம்மா. பையன் பிரதாப் கம்பெனிக்குப் போயிட்டான். எனக்கும் முடியல. விக்கத்தான் வேணும். ஆனா பக்கத்து நெலம் சென்றாயன், எம் பங்காளி, தெனமும் வேலிகிட்ட நின்னு கேக்கறான், 'என்னா திம்மப்பா, தாத்தன் வெட்டின கெணத்த எப்ப விக்கற'ன்னு. கவர்மெண்டு எடுத்துக்கிச்சுன்னா எவனும் வாய தொறக்க முடியாது பாருங்கோ. எடுத்துக்கிட்டது அவங்கோ, நான் விக்கல. அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்பறம்தான் நான் ஒழுங்கா தூங்கினேன்."

சொந்தமாக ஒரு சுவர் இல்லையே என்று நான் அழுத அழுகைக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இவர் மெதுவாகப் போய், மூட்டைப் பிடித்துக்கொண்டு, திம்மப்பன் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தார்.

சாந்தம்மாதான் பேசினார். "அதுக்கென்னா இப்போ? சென்றாயனுக்கு எப்படித் தெரியும், இவங்க யாருன்னு?"

திம்மப்பன் நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் களை வந்தது.

"வெத்தல பாக்கு மாத்தின சொல்லு மாத்த மாட்டேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன். ஒண்ணே ஒண்ணு. நீங்க கவர்மெண்டாவே இருந்துக்கணும். ஞாயித்துக்கிழமயானா வந்து, அந்த ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு, சென்றாயன் பாக்கறாப்புல ஏரோப்ளேன் வுடணும்."

"நாளைக்கு வீடு கட்டுவோமே அண்ணா, அப்போ?"

"ஆபிசர் குவார்ட்டர்ஸுன்னு சொல்லிக்கலாம்."

இவர் என் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் இவர் என்னிடம் இப்படி எதற்கும் கெஞ்சியதில்லை. "சரி" என்றேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் பத்திரம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை போனோம். இவர் ஆரஞ்சு ஜாக்கெட், நான் கையில் ஒரு ஃபைல். வேலிக்கு அந்தப் பக்கம் சென்றாயன் வாயைத் திறக்காமல் நின்றிருந்தார். திம்மப்பன் எங்களுக்குப் பின்னால் இடுப்பில் துண்டோடு, நிமிர்ந்து நின்றார்.

இவர் விமானத்தை விட்டார். ஜோராக எழும்பி, வெயிலில் ஒரு வட்டம் அடித்து, கிணற்றுப் பக்கம் திரும்பியது. என் கால் பரபரத்தது. ஃபைலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு அடி வைத்தேன், இன்னொரு அடி வைத்தேன்.

"மெதுவா, மேடம்" என்றார் திம்மப்பன், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "மெதுவா."