நீளமான பிளக்கு

நிலவனின் பழைய வாடகைக் கார் காலையில் கிளம்ப அடம்பிடித்தது. மெக்கானிக் பழமலை இஞ்சினிலிருந்து ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றிக் கொடுத்து, "இதே நம்பர்ல நாலு வாங்கியாந்துடுங்க" என்றார். அன்று நிலவன் வேறொருவர் வண்டியில் சவாரி போக வேண்டியிருந்ததால் மனைவி துர்காதான் கடைக்குப் போனாள்.

துர்கா விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகச் சரக்குப் பார்ப்பவள். மயிரிழை விரிசல்கூட அவள் விரலுக்குத் தப்பாது.

"அந்த நம்பரு வர ரெண்டு நாளாவும்மா. இது ரெண்டும் அதே மரைதான், அப்படியே திருகிக்கலாம்" என்று கடைக்காரர் இரண்டு வகையை எடுத்து வைத்தார்.

ஒன்றின் முனையில் பீங்கான் குட்டையாக இருந்தது. மற்றதில் நீளமாக, வெள்ளை வெளேரென்று. நகத்தால் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது.

"இது சூளையில நல்லா வெந்திருக்குது. இதயே குடுங்க."

பழமலையின் பட்டறை பூட்டியிருந்தது. நிலவனே மாட்டிக்கொண்டான். சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்தது. "நீ எடுத்தா தப்பாவுமா!" என்று சிரித்தான்.

நான்காம் நாள் சித்திரை வெயிலில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு சேத்தியாத்தோப்புக்குப் போனான். பாதி வழியில் இஞ்சின் கடகடவென்று தட்டியது. பிறகு புகைந்து நின்றுவிட்டது.

பழமலை இஞ்சினைப் பிரித்து இருவருக்கும் பிஸ்டனைக் காட்டினார். நடுவில் உருகி ஓட்டை விழுந்திருந்தது.

"நம்பரு மாறிப்போச்சும்மா. முனையில பீங்கான் நீளமா இருந்தா சூடு சீக்கிரம் எறங்காது. லோடு ஏத்தினா இப்படித்தான் உருக்கிடும்."

பீங்கானில் சூடு நிற்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூளையிலிருந்து வரும் கட்டையில் எத்தனை முறை கை சுட்டிருக்கிறாள்.

"இஞ்சின மாத்துனா?" என்றான் நிலவன்.

"இந்தப் பழைய வண்டிக்கு அவ்ளோ செலவு வீணுங்க."

"நான்தாங்க கெடுத்துட்டேன்" என்றாள் துர்கா.

"மாட்டுனது நானு." அவன் பிஸ்டனை வாங்கி ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான். திட்டியிருந்தால் அவளால் அழுதிருக்க முடியும்.

சனிக்கிழமை வண்டி பழைய இரும்புக்குப் போனது. முன்கண்ணாடி அருகே ஒட்டியிருந்த கொளஞ்சியப்பர் சாமி படத்தை மட்டும் நிலவன் உரித்தெடுக்கப் பார்த்தான். கிழிந்துபோனது.

திங்கட்கிழமை காலை அவன் போன் அடித்தது. நல்லூர் ஸ்கூலுக்கு வாரா வாரம் அவன் வண்டியில் போகும் வாத்தியார். நிலவன் போனில் அவர் பேரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். துர்கா எடுத்தாள்.

"வண்டி கெளம்பிடுச்சாம்மா?"

"வண்டி இல்லீங்க சார்."

"சரி, நாளைக்கு?"

அவள் கணவனின் முதுகைப் பார்த்தாள்.

"நாளைக்கும் இல்லீங்க சார்."